நீ ரயில் நிலையத்தில் காத்திருந்த எட்டு மணி நேரம்

பிப்ரவரி 26, 1964

அன்புள்ள ரோத்யா,

நாங்கள் மூவரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் அடுப்பு மூட்டும்போது நினைத்துக்கொள்கிறேன். என் விரல் நுனிகள் குளிரில் வெடித்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஆஸ்யா எழுதுகிறாள், ஒன்பதாம் வகுப்புக்காரி அல்லவா, வாக்கியத்தைத் திருத்தித்தான் எழுதுவேன் என்கிறாள், எங்காவது புத்தக வாசனை அடித்தால் அது அவளுடையது. அப்பா பகல் முழுவதும் ஓடுதளத்தில் பனி தள்ளும் வண்டியில்தான் இருக்கிறார், தாடியில் பனிக்கட்டியோடு வீட்டுக்கு வருகிறார்.

உன் கடிதம் வந்தது. விமானத்தை நோவோசிபிர்ஸ்கில் இறக்கிவிட்டார்கள், படிக்கிற ஊருக்குப் போக ரயில் நிலைய பெஞ்சில் எட்டு மணி நேரம் கிடந்தேன், முதல் நாள் வகுப்பே போயிற்று, எந்த முட்டாள் செய்த வேலையோ என்று எழுதியிருந்தாய். அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார், என்னால் முடியவில்லை. அந்த முட்டாள் நான்தான் கண்ணா. இந்த இடத்தில் ஆஸ்யா பேனாவை நிறுத்திவிட்டு, அம்மா இதை எழுதணுமா, அவனுக்குத் தெரியவே வேண்டாமே என்கிறாள், எழுதடி என்று சொல்லியிருக்கிறேன்.

நான் பாராசூட் மடிப்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவன். நீ படிக்கிற ஊரில் ஓடுதளம் குட்டை, முடிகிற இடத்தில் ஆற்றுப் பள்ளம், உறைந்த தரையில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, வாலிலிருந்து விரிகிற இரண்டு பாராசூட்டுகளும்தான் அந்த ஜெட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். பனியில் விழுந்ததை எடுத்துவந்து நாங்கள் முழுதாகக் காயவைத்துத்தான் மடிப்போம், ஈரம் இருந்தால் மேலே போகிற உயரத்தில் உறைந்து கட்டையாகிவிடும். மரத்துப்போன விரலுக்கு ஈரம் தெரியாது என்பதால் ஒவ்வொரு தையலையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம், பிறகுதான் பையில் வைக்கும் அட்டையில் கையெழுத்து. நீ கிளம்பின அன்று எனக்கு உன்னிடம் கொடுத்துவிட வேண்டிய பிரோஷ்கிப் பலகார நினைப்புதான், முட்டைக்கோஸ் வதக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன், ஓடிப்போய்ச் சுட வேண்டும். விரலால் தடவிப் பார்த்தேன், மடித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் விடைபெறும்போது நீ குனிந்து உன் கன்னத்தை என் கன்னத்தோடு வைத்தாய் அல்லவா. விமானம் மேகத்துக்குள் போன பிறகுதான் உறைத்தது, இன்று என் கன்னத்தில் பட்டது உன் முகம் மட்டும்தான், துணி படவே இல்லை. எங்கள் பிரிவுத் தலைவர் யெஃபீம் லூகிச்சிடம் ஓடினேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கப்பிதோலினா, பத்தொன்பது வருஷமா இங்கே இருக்கே, இதை இப்பவா வந்து சொல்றே என்று கத்தினார், வேலையே போனாலும் போகட்டும், என் பிள்ளையும் அதில்தான் இருக்கான், முதல்ல காப்டன்கிட்ட சொல்லுங்க என்றேன். கத்திக்கொண்டேதான் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பேசத் தொலைபேசியைக் கையில் எடுத்தார். விமானத்திலிருந்த காப்டன் ஷெவெலேவ் ரேடியோவில் கேட்டுவிட்டு ஒரே ஒரு பதில் சொன்னாராம், அந்த அம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் நான் எதுக்குச் சூதாடணும், நீளமான ஓடுதளம் இருக்கிற ஊருக்கு வழி கேளுங்க என்று.

அந்த இரண்டு பைகளும் பிரிக்காமலே மறுநாள் எங்களிடம் திரும்பி வந்தன. எல்லோர் முன்னாலும் பனியிலேயே வைத்துத் திறந்தோம். ஒன்று சரசரவென்று விரிந்தது. இன்னொன்று உறைந்து கட்டையாகி வெளியே வரவில்லை, என்னோடு மடிக்கிற ஸீனா அதைக் கதவு தட்டுவதுபோலத் தட்டி, உள்ளே யாரும்மா, கொஞ்சம் திறக்கிறீங்களா என்றாள். யாரும் சிரிக்கவில்லை, பிறகு அவளே அழுதுவிட்டாள். நான் அழவில்லை, உன் பெஞ்சை நினைத்துக்கொண்டேன், அந்த பெஞ்சுக்கு எத்தனை முறை நன்றி சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அறிவிப்புப் பலகையில் என் பெயரை எழுதிக் கண்டித்தார்கள், அது நியாயம்தான். இரண்டு வாரம் மடிக்க விடவில்லை, பை தைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை யெஃபீம் லூகிச் கையெழுத்துப் போடாத ஓர் அட்டையை என் முன்னால் போட்டு, உட்கார்ந்து தைச்சது போதும், வந்து சொன்னியே, அப்படிச் சொல்றவ கைதான் மடிக்க எனக்கு வேணும் என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவருக்கும் அந்தக் காப்டனுக்கும் நான் என்ன செய்து தீர்ப்பேன் சொல். காப்டனுக்கு ஒரு தட்டு பிரோஷ்கி கொடுத்தனுப்பினேன், ஆறிப்போயிருந்தும் மிச்சமில்லையாம்.

கோடையில் நீ வந்து திரும்பும்போது பலகாரத்தை முந்தைய நாளே செய்துவிடுவேன், அன்றைக்கு மடிப்பது ஸீனா, பேசி வைத்துவிட்டேன். கையுறையை ஈரத்தோடு பையில் திணிக்காதே, காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார். வகுப்பு தவறியதற்கு ஆசிரியரிடம் என் பெயரைச் சொல்லிக்கொள், எனக்கு வெட்கமில்லை. நீ போகிற ஊரிலெல்லாம் தரை நீளமாக இருக்கட்டும், நன்றாக இரு.

கீழே இருப்பதை மட்டும் ஆஸ்யாவை எழுத விடவில்லை, விரல் வலித்தாலும் நானே போடுகிறேன், இன்று காலை அட்டையில் போட்ட அதே கையெழுத்து.

உன் அம்மா
கப்பிதோலினா