கைக்கு எட்டாத நரை

அக்கா,

சென்ற சனிக்கிழமை காலை ஒரு சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இதற்கு முன் சலூன்களுக்குள் நுழைந்திருக்கிறேன், கையில் குறிப்பேட்டோடு. என் தலையைக் கொடுக்கப் போனது இதுதான் முதல் தடவை. சாயம் போட வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு குழாய்களிலிருந்து பசையைக் கிண்ணத்தில் பிதுக்கி அவள் கலக்கத் தொடங்கியதுமே அந்த நெடி எழுந்தது. மூக்கைக் காந்தவைத்துக் கண்ணில் நீர் வரவைக்கும் அமோனியா நெடி. நான்கு வருடங்களாக என் வீட்டிலும் மாதம் ஒருமுறை அது வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இன்னொருவர் விரல் பிடரியில் படும்போது அந்த நெடியை முகர்ந்தது உங்களோடு மட்டும்தான்.

அந்தப் பெண் என் பின்பக்கத்து முடியைத் தூக்கிக் கிளிப் போட்டாள்.

"அண்ட்டி, நீங்களே வீட்ல டை அடிச்சிக்கிறீங்களா?"

"ஆமா."

"முன்னாடி ஓக்கே லா. பின்னாடி ஃபுல்லா வெள்ளை. அடிச்சு விட ஆள் இல்லையா?"

"இருந்தாங்க" என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. சலூன்காரிகள் நோண்டி நோண்டிக் கேட்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். இவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று தோன்றியது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை எட்டு மணி. சுங்கை பினாங் அடுக்குமாடியில் என் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி உங்கள் வீடு. தோளில் பழைய துண்டு, டைப் பெட்டி பசார் பைக்குள், அதன் மேல் ஒரு கட்டு கீரை. மூன்று கதவைக் கடக்க அவ்வளவு மறைப்பு. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கீரையை எடுத்து மேசையில் வைப்பீர்கள்.

சமையலறையில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, தரையில் நான் எழுதும் பத்திரிகையின் பழைய தாள்களை விரிப்பேன். தோலில் கறை பிடிக்காமல் இருக்க நெற்றியிலும் காதோரத்திலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வோம். முன்பக்கத்தை அவரவர் கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். உச்சிக்குக் கீழே பிடரி வரைக்கும் தன் கையால் தனக்கு ஒழுங்காகப் போட முடியாது. போட்டுக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்கள் பின்னால் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்காதவர்கள். ஆகவே உங்கள் பின்பக்கம் என் பொறுப்பு, என்னுடையது உங்கள் பொறுப்பு. எட்டு வருடங்கள் அப்படி நடந்தது.

நீங்கள் இடது கைக்காரர். இடது கையில் தூரிகை, வலது கையில் வால் சீப்பு. முடியை விரற்கடை அகலத்துக்குப் பிரித்து, வேரிலிருந்து நுனிக்கு இழுப்பீர்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் போட்டால் தாளெல்லாம் சொட்டும்.

"ஏய், உன் பேரு மேலயே ஊத்திக்கிட்டியே. நாளைக்கு உன் மேல நீயே கேஸ் போடுவியா?"

"பேசாம குனிங்கக்கா."

"இந்த ஒய்.பி.யைப் பாரு. ஓசியில டை அடிச்சிக்கிட்டாரு." தரையில் கிடந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் படத்தில், அவருடைய வழுக்கையின் மேல் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்திருந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது.

பூசி முடித்தபின் முப்பத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தலையில் சாயத்தோடு வெளியே போக முடியாது, சாய்ந்து படுக்கவும் முடியாது. தே தண்ணி குடித்துக்கொண்டு பேசுவோம். எட்டு வருடங்களில் என்னிடம் நீங்கள் சொன்னவை எல்லாம் அந்த முப்பத்தைந்து நிமிடங்களில் சொன்னவைதான்.

ஒருநாள் கடையைப் பற்றிச் சொன்னீர்கள். லிட்டில் இந்தியாவில், மூன்று மாடிப் புடவைக் கடை. பெரிய முதலாளி காலத்தில் சேர்ந்து, பட்டுப் பகுதியின் முகப்பில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நின்றவர் நீங்கள். உங்கள் கணவர் துறைமுக வேலையில் இருந்தபோதே இறந்துபோனார், பிள்ளைகள் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. பேச்சுத் துணை என்று இருந்ததும் அந்தக் கவுண்டர்தான். கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்கள் உங்களைக் கேட்டு வரும். இடது கையால் நீங்கள் ஒரு புடவையை உதறி விரித்தால் அது மேசையின் கோடி வரைக்கும் ஒரு மடிப்பில்லாமல் ஓடும்.

பெரிய முதலாளி ஓய்ந்து மகன் வந்தார். வந்ததும் நரைத்த தலைகளை முகப்பிலிருந்து எடுத்தார். முதலில் மாடி ஸ்டோர், அப்புறம் வீடு. பிறந்த தேதியோடு உங்கள் ஐசி அட்டை நகல் பெரியவர் காலத்து ஏதோ ஒரு ஃபைலில் கிடந்தது. மகன் அதை எடுத்துப் பார்த்தவர் இல்லை, தலையைத்தான் பார்த்தார். உங்கள் தலை கறுப்பாக இருந்தது.

"எனக்கு அறுவத்ரெண்டு. அவன் அம்பதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். நெனச்சிட்டுப் போகட்டும். எனக்குக் காலு நிக்குது, நான் நிக்கிறேன்."

"சலூனுக்குப் போனா இன்னும் நல்லாப் போட்டு விடுவாங்களேக்கா" என்றேன்.

"போட்டு விடுவாங்க. சாயந்திரத்துக்குள்ள எனக்கு என்னா வயசுன்னு ரோடு பூரா தெரியும். அந்தப் பொண்ணுங்க எல்லாம் நம்ம கடைக்குத்தான் புடவை எடுக்க வருதுங்க. வீட்டுல அடிச்சா உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முடிஞ்சிச்சு."

இதை நீங்கள் சொன்னது ஒரு புரட்டாசி மாதத்து ஞாயிறு. அதற்கு மறுவாரம்தான் பத்திரிகை ஆசிரியர் தீபாவளி இணைப்புக்கு ஒரு கட்டுரை கேட்டார். 'தலைக்குச் சாயம்: வீட்டிலா, சலூனிலா?' லேசாக, பெண்கள் விரும்பிப் படிக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்றார். நான் எதையும் லேசாகச் செய்கிறவள் இல்லை. ஒரு மருந்தாளரிடம் பேசினேன். முதல் நாள் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒவ்வாமை பார்க்கவேண்டும் என்பதை எழுதிக்கொண்டேன். மூன்று சலூன்களுக்குப் போனேன். விலை கேட்டேன், நேரம் கேட்டேன். வயதை மறைக்க வருகிறவர் யாராவது என்னோடு பேசுவாரா, பெயர் போட மாட்டேன் என்று கேட்டேன். மூன்று இடத்திலும் ஒரே பதில். "கஸ்டமர் விஷயம் வெளிய சொல்ல முடியாது, சிஸ்டர்."

அக்கா, நீங்கள் பயந்த அந்தச் சலூன்காரிகள் ஒருத்தரைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டுரையைத் தொடங்க எனக்கு உயிருள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் தராததால் உங்களை எடுத்துக்கொண்டேன்.

பெயர் போடவில்லை. கடைப் பெயரும் போடவில்லை. 'ஜார்ஜ்டவுனில் ஒரு புடவைக் கடை. பட்டுப் பகுதியில் நிற்கும் அந்தப் பெண்மணி இடது கையால் ஒரு புடவையை உதறினால் அது மேசைக் கோடி வரை ஓடும். அவருக்கு வயது அறுபத்து இரண்டு. முதலாளிக்குத் தெரிந்த வயது ஐம்பது.' இப்படித்தான் தொடங்கினேன். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். உங்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. இதை நான்கு வருடங்களாக வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிறது.

அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கடையின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். தம் விளம்பரம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முதலாளி வீட்டில் இணைப்பைப் பிரித்தார்கள். மகனுக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது. தாயார் படித்துச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் பத்திரிகை. உட்காரவில்லை.

"அந்த ரோட்டுல எத்தன கடையில, எத்தன பேரு லெஃப்ட் ஹேண்டு? சொல்லு."

"பேரு போடலையேக்கா."

"பேரு போட்டிருந்தாத் தேவலையே. அந்தப் பேருல நாலு பேரு இருக்காங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை.

"இன்னைக்குக் காலையில இருந்து சேலை பாக்க யாரும் வரல. என் தலையைத்தான் பாக்க வந்தாங்க. ஒரு பொம்பள வகிட்டுக்கிட்டக் குனிஞ்சே பாக்குறா. 'நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க'ங்கிறா. முதலாளி பையன் சிரிச்சிக்கிட்டே, 'அக்கா பேப்பர்லயே வந்துட்டீங்க, ஃபேமஸ் லா'ன்னு பேப்பரைக் கவுண்டர்ல ஒட்டி வச்சிருக்கான்."

"நான் வந்து பேசறேன்."

"பேசினதே போதும்." கதவு வரைக்கும் போய்த் திரும்பினீர்கள். "ரோடு பூரா பேசுவாங்கன்னு சலூனுக்குப் பயந்துதான் உன்கிட்ட வந்தேன். தெரியுமா?"

அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

தீபாவளி வியாபாரம் முடியும்வரை உங்களை மாடி ஸ்டோரில் விலைச்சீட்டு ஒட்ட வைத்தார்கள் என்றும், முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்றும் கடையில் வேலை செய்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. நான் கடைக்குப் போனேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் போனேன். இளைய முதலாளி நாற்காலி போட்டார், குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நல்லா எழுதியிருந்தீங்க சிஸ்டர். இவ்ளோ வயசுன்னு எங்களுக்குத் தெரியவே இல்ல லா. மூணு மாடி ஏறி இறங்கிட்டு இருந்திருக்காங்க, பாவம். நாளைக்கு விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"அவங்களுக்கு நிக்கணும்னுதான் ஆசை" என்றேன்.

"வயசானவங்கள நிக்க வைக்கறது தப்பு இல்லையா? நீங்க எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தேங்க்ஸ்."

கேலி இல்லை. மனதாரச் சொன்னார். எத்தனையோ அதிகாரிகளை மடக்கிக் கேள்வி கேட்டவள் நான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து உங்களைப் பசாரில் பார்த்தேன். மீன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நான்கைந்து ஆள் தள்ளி நின்றீர்கள். முகம் தெரியவில்லை, ஆனாலும் நீங்கள்தான். உச்சி வரைக்கும் கறுப்பு. அதற்குக் கீழே ஒழுங்கில்லாமல் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சாயம் பட்டு, மீதியெல்லாம் வெள்ளை. தனியாக, கையை வளைத்து வளைத்து எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். வேலை போன பிறகும் ஏன் போட்டீர்கள் என்று தெரியவில்லை. வேறு கடைகளில் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். முன்னால் நின்று வேலை கேட்கும்போது கறுப்பு. இல்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பி நடக்கும்போது எல்லாருக்கும் தெரியும் வெள்ளை. நான் 'அக்கா' என்று கூப்பிடவில்லை. கூடையோடு வரிசையை விட்டு விலகிப் போய்விட்டேன். மறு வருடம் நிபோங் திபாலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம், இரங்கல் விளம்பரப் பக்கம் சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. இரண்டாவது வரிசையில் உங்கள் படம். முடி முழுவதும் வெள்ளை. நான் அப்படி உங்களைப் பார்த்ததே இல்லை. பெயரைக் கொண்டுதான் அடையாளம் கண்டேன். கீழே, வயது அறுபத்து ஆறு. உங்கள் வயதை எங்கள் பத்திரிகை இரண்டாம் முறையாக ஊருக்குச் சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பக்கத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

பதினாறாம் நாள் நிபோங் திபாலுக்குப் போனேன். உங்கள் தங்கை என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

"நீங்கதான் பேப்பர்க்கார அக்காவா? பக்கத்துல இருந்தீங்கன்னு தெரியும். வேற ஒண்ணும் சொன்னதில்ல."

ஒன்றும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்திருக்கும். படத்தைப் பார்த்துக்கொண்டே, சாயம் போடுவதை விட்டுவிட்டார்களா என்று கேட்டேன்.

"இங்க வந்த அன்னையோட சரி. நான் அடிச்சு விடறேன்னு எத்தனையோ தடவ கேட்டேன், கேக்கல. பின்னாடி ஒரு ஆள நிக்கவே விடமாட்டாங்க. முடியக்கூடத் தானே முன்னுக்கு இழுத்து வெட்டிக்குவாங்க. ஏன்னு தெரியல."

அவர் தட்டில் முறுக்கை வைத்து என் பக்கம் தள்ளினார். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

எங்கள் தொழிலில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இரண்டாம் பக்கத்தில், அடியில், நான்கு வரி. பெயர் மாறினால், ஊர் மாறினால், படம் மாறினால், வருந்துகிறோம் என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தக் கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஊர் சரி. கடை சரி. கை சரி. முதலாளி நினைத்த வயதும் சரி. திருத்துவதற்கு அதில் ஒரு சொல் இல்லை. ஒரே ஒரு இலக்கத்தை நான் தவறாகப் போட்டிருந்தால், அறுபத்து இரண்டை ஐம்பத்து இரண்டு என்று போட்டிருந்தால், அந்தப் பையன் சிரித்துவிட்டு விட்டிருப்பான். நீங்கள் அந்த மேசைக்குப் பின்னால் இன்னும் சில வருடமாவது நின்றிருப்பீர்கள்.

முப்பத்தோரு வருடத்தில் ஒருவர் வயதைக்கூடத் தவறாகப் போடாதவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் ஆசிரியர் என்னைக் காட்டி அதைத்தான் சொல்வார். போன வாரமும் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.