சங்கத்து மைதானத்து மரவள்ளி

பினாங்கு
தாரண வருடம், ஆவணி மாதம்

அருமை மகள் பத்மாவதிக்கு,

நானும் உன் அப்பாவும் கந்தசாமியார் புண்ணியத்தில் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அதைவிட ஒரு படி கூடுதலான சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். விளக்கு என்றால் செம்பனை எண்ணெய் விளக்குத்தான், அதன் புகையில் சாமி படமெல்லாம் கறுத்துவிட்டது, ஆகையால் என் வேண்டுதல் எந்தச் சாமிக்குப் போய்ச் சேருகிறது என்று எனக்கே தெரியவில்லை. சிங்கப்பூரை இப்போது ஜப்பான்காரன் வைத்த பெயரில் சியோனான் என்றுதான் எழுத வேண்டுமாம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, வியாபாரத்துக்காக ரயிலேறுகிற முகம்மது கனித் தம்பியின் கையில் வருகிறது, அதனால் நான் என் இஷ்டப்படி சிங்கப்பூர் என்றே எழுதுகிறேன்.

உன் அப்பாவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. துறைமுகக் கந்தோரில் பெரிய கிளார்க் ஏரம்பமூர்த்தி என்று ஊரெல்லாம் தொப்பியைக் கழற்றிய மனிதர் இன்றைக்கு முழங்கால் வரை சேற்றோடு நிற்கிறார். கடலைத் தாண்டி அரிசி வருவது நின்றுபோனதும், கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசி மாதா மாதம் சுருங்கியதும் உனக்கும் தெரிந்த கதைதான். வெறும் நிலமெல்லாம் பயிராக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், வெறும் நிலம் என்றால் கிளார்க்குமார் சங்கத்து டென்னிஸ் மைதானம் ஒன்றுதான். சங்கத்துக் காரியதரிசி உன் அப்பா. அந்தப் புல்லை அவர் உன்னை வளர்த்ததைவிடக் கவனமாக வளர்த்தவர், அது உனக்கும் தெரியும், நீ செருப்போடு ஓடினதற்கு அடி வாங்கினவள். வெட்ட விடமாட்டேன் என்று மைதானத்து நடுவில் போய் நின்றார். நானும் பக்கத்து வீட்டு ஆசியா பீவியும் அவர் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிவர மண்வெட்டியால் கொத்தத் தொடங்கினோம். வெயில் ஏறினதும் அவர் தானாகவே நகர்ந்தார். இப்போது கேட்டால் மைதானத்தைத் தோட்டமாக்கும் யோசனை தன்னுடையது என்கிறார், நானும் விட்டுவிட்டேன். ஆனால் பிள்ளை, நீ பார்க்க வேண்டும், மரவள்ளி எல்லாம் பந்துக் கோடு போட்ட அதே நேரில் வரிசை பிசகாமல் நிற்கிறது, பயற்றங்கொடி டென்னிஸ் வலையில் ஏறிக் காய்க்கிறது. ஓரத்தில் சீனத்து அண்ணன் ஆ செங் கீரைப் பாத்தி போட்டிருக்கிறார். ஆசியா பீவியின் கோழிகள் எல்லாருடைய பாத்தியையும் சமமாகக் கிளறுகின்றன. நடுவர் உட்காருகிற அந்த உயரமான கதிரை இருக்கிறதே, அதில் ஏறி உட்கார்ந்துதான் உன் அப்பா தோட்டத்துக்குக் காவல். காவல் என்பது அவர் சொல்லுகிற சொல். நான் பார்த்த மட்டில் அது நித்திரை.

காவல் ஏன் என்றால், கிழங்கு களவு போகத் தொடங்கியது. இதை விவரமாக எழுத வேண்டும், பொறுமையாக வாசி. சங்கத்துப் பின் கொட்டகையில் நல்லம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை தன் இரண்டு சின்னப் பெண்களோடு வந்து தங்கியிருந்தாள். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்காரி. புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சேதி ஒன்றும் இல்லை. பிழைக்க வழி தேடி நடந்து, சம்பான் படகு ஏறி, இந்தக் கரைக்கு வந்தவள். மரம் வெட்டிப் பால் எடுக்கத் தெரியுமே தவிர கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆ செங்கின் பாத்தியில் முதல் நாளே நல்ல கீரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் களையைக் காப்பாற்றி வைத்தாள். ஆனால் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க அவளைப் போல ஆள் கிடையாது, அதற்குக் கூலியாக ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கொடுத்துவந்தோம். கிழங்கு களவு போனதும் எல்லார் கண்ணும் அவள் மேலே போயிற்று. முதலில் போனது உன் அப்பாவின் கண். தான் கதிரையில் குறட்டை விட்டதை ஒப்புக்கொள்வதைவிட ஒரு ஏழையைக் கள்ளி என்பது அவருக்குச் சுகமாக இருந்தது. சங்கத் தலைவரான உன் மாமா, என் மதிப்புக்குரிய சம்பந்தியார் விநாசித்தம்பி அவர்கள், கூட்டம் கூட்டி, கள்ளன் பிடிபட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது என்று தீர்மானம் போட்டார். இந்தக் காலத்தில் அங்கே ஒப்படைத்தால் ஆள் திரும்பி வருமா என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் தலையாட்டினேன்.

மறுநாள் விடியற்காலை கீரை கிள்ள மைதானத்துக்குப் போனேன். உன் அப்பா கதிரையில் வாயைத் திறந்தபடி காவல் இருந்தார். கடைசி வரிசையில் ஒரு உருவம் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கோட்டு, தலைப்பாகை, பக்கத்தில் குடை. பிள்ளை, உன் மாமாதான். கிழங்கைத் தட்டித் துடைத்து, மடக்கிய குடைக்குள் ஒவ்வொன்றாக இறக்கினார். பிறகு கிழங்கு பிடுங்கின மரவள்ளித் தடியை எடுத்து மறுபடி மண்ணில் குத்தி, சுற்றிவரக் கையால் அமர்த்தி, கையைக் கைக்குட்டையில் துடைத்தார். நிமிர்ந்தவர் என்னைக் கண்டுவிட்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உன் கலியாணப் பாயசத்தில் முந்திரிகை குறைந்துபோயிற்று என்று மூன்று வருஷம் எனக்குச் சொல்லிக்காட்டின முகம் அது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது, இவ்வளவு நாளும் நான் அதைக் கவனிக்கவேயில்லை. வெள்ளைக்காரன் போனதோடு அவருடைய பென்ஷன் நின்றது, மாமி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பார்க்க ஆளில்லை. சாப்பிட வாருங்கள் என்று நான் எத்தனை முறை கூப்பிட்டேன், பெண் எடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று கௌரவமாகத் திரும்பிப் போவார், நானும் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வாயில் வந்தது இதுதான்: “அண்ணை, விடியவே காவலுக்கு வந்திட்டியளோ? நல்லதாப் போச்சு, இந்த மனுசன் நித்திரை.” அவர் “ஓம் தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். மழைக்குப் பிடிக்கிற குடையை ஒரு மனிதன் அவ்வளவு பாரமாகத் தூக்கி நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதினேன், புகைதான் கண்ணைக் கரித்தது என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

அன்று பின்னேரமே உன் அப்பா நல்லம்மாளைக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வாடிப்போன மரவள்ளித் தடி ஒன்றையும் அத்தாட்சியாகப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார், ஏதோ கோர்ட்டு மாதிரி. அவள் அழவில்லை, குரலை உயர்த்தினாள். “நான் திருடுறதா இருந்தா பட்டப்பகல்ல உங்க முன்னாடியே புடுங்குவேன், எனக்கு என்ன பயம்? எம் புருசன இழுத்துட்டுப் போனானுங்க, என்னையும் புடிச்சுக் குடுங்க, ஆனா இந்த ரெண்டு புள்ளைங்கள யாரு வச்சுக் காப்பாத்துறதுன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் குடுங்க” என்றாள். எனக்கு ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் சம்பந்தியார், யாரை விட்டுக்கொடுப்பது சொல். நான் எழுந்து, கள்ளன் மனுசரே இல்லை, பெருச்சாளி, என் கண்ணால் கண்டேன் என்று சொன்னேன். உன் அப்பாவுக்குத்தான் எந்த நேரத்தில் புத்தி வேலை செய்ய வேண்டும் என்று தெரியாதே. “பெருச்சாளி கிழங்கை எடுத்துப்போட்டுத் தடியைத் திருப்பி நட்டு, மண்ணையும் அமத்திப்போட்டே போகும்?” என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். அப்போது தலைவர் கதிரையில் இருந்த உன் மாமா குடையை ஊன்றி எழுந்தார். “ஏரம்பமூர்த்தி, அந்தப் பெருச்சாளி நான்தான்” என்றார். “அந்தப் பிள்ளையை விடுங்கோ. தீர்மானம் நான் போட்டது, என்னையே கொண்டுபோய் ஒப்படையுங்கோ.”

உன் அப்பா கையில் தடியோடு அப்படியே நின்றார். அந்த நேரத்தில் ஆசியா பீவி போய் அந்தத் தடியை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு உன் மாமாவின் பக்கம் திரும்பினாள். “ஐயோ அண்ணே, தலகீழா நட்டிருக்கீங்க லா! அதான் வாடிப்போச்சு. திருடுனது போகட்டும், நடுறதாவது ஒழுங்கா நடக் கூடாதா?” என்றாள். முதலில் சிரித்தது நல்லம்மாள். பிறகு ஆ செங்குக்கு யாரோ மலாயில் சொல்லிக் கொடுக்க அவரும் சிரித்தார், உன் மாமாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒப்படைக்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் சிரித்தால் வயிறு நிறையுமா. இன்றைக்கு இவர், நாளைக்கு வேறொருவர். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எந்தக் கதவுக்குப் பின்னால் யார் பட்டினி கிடக்கிறார் என்று எப்படித் தெரியும். எனக்குத் தோன்றியதை அங்கேயே சொன்னேன், இனி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு அடுப்பு வேண்டாம், சங்கத்துக் கட்டடத்தில் ஒரே அடுப்பு, ஒரே பெரிய பானை. உள்ளவன் உள்ளதைப் போடட்டும், இல்லாதவன் தண்ணீர் சுமக்கட்டும், விறகு பிளக்கட்டும், பானைக்குள் போன பிறகு எது யாருடையது என்று யாருக்குத் தெரியும். விறகும் மிச்சம், உப்பும் மிச்சம். சொன்னதும் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. ஆசியா பீவிக்கு ஆ செங்கின் பன்றி ஆகாது, எங்களுக்கு வெள்ளிக்கிழமை மீன் மச்சம் ஆகாது, உன் மாமாவுக்கு யார் சமைத்தது என்று தெரிய வேண்டும். கடைசியில் கிழங்கும் கீரையும் பயற்றங்காயும் மட்டும் பொதுப் பானையில், மற்றது எதுவானாலும் அவரவர் வீட்டில் என்று முடிந்தது. உத்தரவுக்காரர்கள் விளைச்சலில் ஒரு பங்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அது போக மிஞ்சியதில் ஒழுங்கை முழுக்கப் பசியாறுகிறது. வயிறு முட்ட என்று சொல்ல மாட்டேன். கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நான் சுட்ட ரொட்டியைக் கல்லுக்குப் பதிலாகச் சுவருக்கு வைக்கலாம் என்று உன் அப்பா சொல்லுகிறார், சொல்லிக்கொண்டே இரண்டாவதுக்குக் கை நீட்டுகிறார். நல்லம்மாளிடம் அவர் மன்னிப்புக் கேட்கப் போய், தொண்டையைக் கனைத்துக் கனைத்து நின்றார். அவள், “மன்னிப்பெல்லாம் வேணாங்கய்யா, இந்த வாளிய புடிங்க” என்று கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து துறைமுகக் கந்தோர்ப் பெரிய கிளார்க் தினமும் கிணற்றடியில். உன் மாமா முதல் இரண்டு மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லம்மாள் போய்ப் பரிமாறினாள். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரையே யோசித்துக் குடித்த மனிதர், அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டார். இப்போது உப்புக் குறைவு என்று அவளிடமே குறை சொல்லுகிறார், அவளும் திருப்பிக் கொடுக்கிறாள். கால் வீக்கம் வற்றிக்கொண்டு வருகிறது, பயப்படாதே.

இதையெல்லாம் ஏன் எழுதினேன் என்று யோசிப்பாய். போன கிழமை உன் கடிதம் வந்தது. இங்கே ஒரு குறையுமில்லை, மூன்று நேரமும் சோறு, குட்டி கொழுகொழு என்று இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஓடிப்போய் உன் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, “தங்கச்சி, பிள்ளை பொய் எழுதுது. நானும் மகனுக்கு ஒவ்வொரு மாசமும் இதைத்தான் எழுதினனான். சொல்லுக்குச் சொல் இதேதான்” என்றார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. மகளே, நீ என்னிடம் வாயாடினவள், என் முகத்துக்கு நேரே என் புளிக்குழம்பைக் குறை சொன்னவள், இதில் மட்டும் மரியாதை பார்க்காதே. நீங்கள் இருக்கிற ரயில்வே வீட்டு வரிசையில் பின்புறம் மண் இருக்கிறதா, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசுகிறாயா, இல்லை மாப்பிள்ளையும் தகப்பனைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாரா. கனித் தம்பியிடம் கீரை விதையும் உலர்த்தின கிழங்கு மாவும் கொஞ்சம் கொடுத்துவிட்டிருக்கிறேன். மாவைக் குட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடு, விதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடு, விதை கொடுக்கப் போனால் பேச்சு தானாக வரும். என்ன இருக்கிறது என்ன இல்லை என்று உள்ளபடி எழுதி அதே தம்பியின் கையில் அனுப்பு, இங்கிருந்து முடிந்ததை அனுப்புகிறோம், முடியாது போனால் நீங்கள் எல்லாரும் புறப்பட்டு இங்கே வந்துவிடுங்கள், பானை பெரிது.

உங்கள் மூவருக்கும் பிள்ளையார் துணை நிற்கட்டும், ஆயுளும் பலமும் தரட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கிணற்றடியில் இருந்தே கத்திச் சொன்னார். நடந்ததை எழுதட்டுமா என்று உன் மாமாவைக் கேட்டுத்தான் எழுதினேன், மாப்பிள்ளையும் வாசிக்கட்டும் என்றார். இதோ தாளை வாங்கி, மகனுக்கு அவர் கைப்பட ஒரு வரி கீழே எழுதியிருக்கிறார்.

என்றும் உன் நலம் வேண்டும் அம்மா,
செல்வநாயகி

தம்பி, நான் வெட்கத்தில் களவெடுத்துச் சாப்பிட்டனான். நீ வெட்கப்படாமல் கேட்டுச் சாப்பிடு. — அப்பா.