மாப்பிள்ளைக்கு வாங்கிய பூட்ஸ்

மார்ச் 2, ஞாயிறு

தங்கையின் கணவருக்கு மலை ஏற பூட்ஸ் வாங்கினோம். காலையிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். வேட்டைக்காரர்கள் போடுவதைப் போல் கணுக்காலை மூடும் முழுத்தோல், தைத்த அடிப்பாகம். மெல்லிய சாக்ஸோடு போட்டுப் பார்த்தவர், “கொஞ்சம் பிடிக்குது மச்சான்” என்றார். “தோல்தானே மாப்பிள்ளை, நடக்க நடக்க விட்டுக்கொடுக்கும்” என்றேன். தலையாட்டினார். நானே வாங்கிக் கொடுத்தேன்.

தங்கை எனக்கு வைத்திருக்கும் பெயர் பூட்ஸ் பேராசிரியர். கிண்டல்தான். ஆனாலும் உள்ளுக்குள் எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 9

மாப்பிள்ளைக்குப் பூட்ஸ் பராமரிப்பு வகுப்பு. மண்ணைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம்தான் மெழுகு. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “கொஞ்ச நாள் வீட்டுக்குள்ள போட்டுப் பழகிட்டு வரட்டுமா?” என்றார். அதெல்லாம் மலையில் பழகிக்கொள்ளலாம் என்றேன்.

மார்ச் 16

எங்கள் நடைக்குழுவோடு மலைக்கு வந்தார். இறங்கும்போது ரொம்பப் பின்தங்கினார். “என்ன, மாப்பிள்ளை முறுக்கா? எங்களோட சேர்ந்து வர மாட்டீங்களோ?” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

காரில் பூட்ஸைக் கழற்றினார். வலது சாக்ஸ் முனை சிவப்பாக நனைந்திருந்தது. “ஒண்ணுமில்ல மச்சான், புதுசுல்ல.”

மார்ச் 20

தங்கை போன் செய்தாள். “அவருக்குச் சர்க்கரை இருக்குன்னு உனக்குத் தெரியாதாண்ணா? புண்ணு ஆறவே மாட்டேங்குது. கடையிலேயே சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டா, ஆசையா வாங்கிக் குடுத்தாரு, எப்படிச் சொல்றதுங்கறாரு.”

தெரியும். தெரிந்துதான் —

சொன்னாரே! கடையிலேயே சொன்னாரே, பிடிக்குதுன்னு. நான் எங்க காதுல வாங்கினேன்?

மார்ச் 27

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மாற்றுத்துணி எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூட்ஸ் கதவோரம் கிடந்தது, மெழுகு போட்ட பளபளப்போடு. என் காலை விட்டுப் பார்த்தேன். கச்சிதம். எனக்கு அளவு பார்த்து அவருக்கு வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 3

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 6

ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது? குழுவில் ஒருவர் விசாரித்தார். “சின்னப் புண்ணுதான்” என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஜூன் 14

அவரே கூப்பிட்டார். “டாக்டர் நடக்கச் சொல்லிட்டார் மச்சான். வேற பூட்ஸ் வாங்கணும், நீங்களும் வாங்க.”

எல்லோருக்குமே கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலமாகப் பார்த்து, தங்கையோடு கடைக்குப் போனோம். கெட்டி சாக்ஸ், முனை அகலமான ஜோடி. கடைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எங்கயாவது இடிக்குதா மாப்பிள்ளை?”

“இல்ல மச்சான், நல்லாருக்கு.”

“நீ கேட்டா அவர் அப்படித்தான் சொல்வார்” என்றாள் தங்கை.

தரையில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றினேன். “ஐயோ, என்ன மச்சான் இது, எழுந்திருங்க” என்று காலை இழுத்தார். நான் விடவில்லை. விரல் இருந்த இடத்தில் லேசாகச் சிவந்திருந்தது.

இன்னும் ஒரு சைஸ் பெரியதாகக் கொண்டுவரச் சொன்னேன்.