மூணு மூக்குத் துப்பாக்கி

சிவகாசி
5.10.2025

என் ராசாத்தி ஹர்ஷினிக்கு,

அப்பத்தா தங்கத்தாய் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் ‘ஆமா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன்.

உன் தாத்தாவின் துப்பாக்கி விஷயம். அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது. வாரிசு யாராவது லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் தை பிறப்பதற்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். உன் அப்பாவுக்குக் காலண்டர் சீசன். “எனக்கு எதுக்கும்மா அது, எலியைக்கூடச் சுட மாட்டேன்” என்கிறான். படிப்பு முடிந்து மார்கழியில் நீ வந்துவிடுவாய் அல்லவா? உன் பெயருக்கு வாங்கிக்கொள். இந்த வீட்டில் அதைத் தொடப் பயப்படாதவள் நீ ஒருத்திதான்.

எந்தக் கம்பெனி, என்ன ரகம் என்று எழுதித் தர வேண்டுமாம். ஜெர்மன் துப்பாக்கி என்பதுதான் நமக்குத் தெரியும். மேலே இரண்டு குழல், அடியில் ஒல்லியாக ஒன்று. பார்க்க வந்த போலீஸ்காரர், “என்ன பாட்டி, இதுக்கு மூணு மூக்கு இருக்கு” என்று சிரித்தார். பெயர் வெட்டியிருந்த இடம் மழமழவென்று கிடக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துக் கட்டையில் பொட்டும் வைத்து வருகிறேன். நம் வீட்டுத் துப்பாக்கி மாதிரிப் பளபளப்பு ஜில்லாவில் கிடையாது. நீ அந்த நாட்டில்தானே இருக்கிறாய், விசாரி. போட்டோ உன் அப்பா அனுப்புவான்.

அன்பு அப்பத்தா

25.10.2025

அன்புள்ள அப்பத்தா,

எங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டினால் ஸூல் என்று ஒரு ஊர். காலங்காலமாகத் துப்பாக்கி செய்த ஊர். அங்கே ஒரு வயசான கொல்லரிடம் போட்டோவைக் காட்டினேன். யார் இதை இப்படித் தேய்த்தது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்க அப்பத்தா” என்றேன். புளியை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதற்கு ட்ரில்லிங் என்று பெயராம். வேட்டைக்குப் போகிறவனுக்கு முயல் வருமா, பன்றி வருமா தெரியாதே. அதனால் மேல் குழல் இரண்டும் சிதறு ரவைக்கு, கீழ்க்குழல் ஒற்றைத் தோட்டாவுக்கு. குழலுக்கு அடியில் இருக்கிற மரத்துண்டைக் கழற்றிப் பாருங்கள். அங்கே முத்திரை இருக்கும், புளி எட்டியிருக்காது என்கிறார்.

உங்கள் ஹர்ஷினி

9.11.2025

ராசாத்தி,

உன் அப்பா கழற்றினான். உள்ளே கறுத்த இரும்பு. ஒரு கிரீடம், ஒரு கழுகு, பக்கத்தில் 11, 27 என்று எண். இத்தனை வருஷம் என் மடியில் கிடந்த பொருள், அடிவயிற்றில் இப்படி ஒன்றை வைத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

நேற்று ஒரு கனவு. துப்பாக்கியின் பக்கவாட்டில் தேய்ந்துபோன மான் இருக்குமே, சின்னப் பிள்ளையில் நீ நாய் என்பாயே, அது இறங்கி வந்து வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் குடிக்கிறது. அதன் முதுகில் வெள்ளையாக என்னவோ உதிர்கிறது. பட்டாசுக் காகிதம் என்று நினைத்துத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

மார்கழிக்கு வருவதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே?

அப்பத்தா

30.11.2025

அன்புள்ள அப்பத்தா,

1927 நவம்பரில் ஸூலில் வெடித்துப் பார்த்துத் தேறிய துப்பாக்கி அது. நம் பட்டாசுக் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. கொல்லர் முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்தார், போட்டோவில்தான். இது இவ்வளவு தூரம் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டதா என்றார்.

எங்கள் ஊரில் வெள்ளைப் பனி விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஒரு மான் நின்றது. உங்களை நினைத்துக்கொண்டேன். மார்கழி பற்றி, பார்க்கலாம் அப்பத்தா.

ஹர்ஷினி

சிவகாசி
4.1.2026

ஹர்ஷினிக்கு,

துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். ட்ரில்லிங், ஸூல், 1927 என்று நானே சொன்னேன். மூணு மூக்கு என்றவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை புளி போடவில்லை, எண்ணெய் மட்டும். கட்டையில் வைத்த பொட்டை அவர் துடைக்கப் போனார். “இருக்கட்டும் சார், அது எங்க வீட்டுப் பிள்ளை” என்றேன். விட்டுவிட்டார்.

உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டிலும் ‘எங்கள் ஊர்’ என்று எழுதியிருக்கிறாய். சிவகாசி என்றுதான் முதலில் நினைத்தேன். சிவகாசியில் ஏது வெள்ளைப் பனி?

கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம் கழித்து, பிறந்த ஊரான மல்லாங்கிணற்றில் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கையில், எங்க ஊர்ல தண்ணி வரல என்று சிவகாசியைச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

நான் எழுந்து போகவில்லை, கண்ணு. உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். வருகிறேன், வரவில்லை என்று இனி நீ எனக்காகத் தேடித் தேடி வார்த்தை எழுத வேண்டாம். அந்த மான் மறுபடி வந்தால் மட்டும் எழுது.

உன் ஊரில் குளிர் அதிகமாமே. காதை மூடிக்கொண்டு போ.

அப்பத்தா