பிளம்பருக்குக் கொடுத்த பேரிக்காய்

அன்புள்ள அம்மாவுக்கு,

வின்னிபெக்கிலிருந்து யூன்ஹே. முழங்கால் வலி இப்போது தேவலையா? சலவைக் கடைக்கு ஆள் கிடைத்ததா, இன்னும் அப்பாதான் இஸ்திரி போடுகிறாரா? நான் சௌக்கியம்.

போன ஞாயிறு பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சமையலறையில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தவரைப் பார்த்து, "யாரு?" என்றார். "பிளம்பர்" என்றேன். கறுப்பினத்தவர் ஒருவர் என் வீட்டில் இருக்க வேறு காரணம் என் வாயில் வரவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைத் திருகினார்.

பெரியம்மா பேரிக்காய் நறுக்கி நீட்டினார். "சாப்பிடுப்பா, நல்லா வேலை செய்யற."

அவர் தலைகுனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உங்களைப் பார்க்க வரும் நாளுக்காக நான் பழக்கிவைத்தது அது. அந்த நாளைத் தள்ளிப்போட்டதும் நான்தான்.

அவர் வெளியே போனதும் பெரியம்மா கேட்டார்: "நம்ம கொரியாக்காரங்க மாதிரி ரெண்டு கையால வாங்க ஒரு பிளம்பருக்கு யாருடி சொல்லிக்கொடுத்தா?" நான் தட்டைக் கழுவினேன். "உங்கம்மாகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். நீயே சொல்லிக்கோ" என்றார்.

பெரியம்மா கிளம்பும்வரை டேரல் (அதுதான் அவர் பெயர்) பனியில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும் என்னைத் திட்டவில்லை. "பேரிக்காயச் சரியா வாங்கினேனா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை, அம்மா.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நெத்திலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் தீர்ந்துவிட்டன. அனுப்பும்போது இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
யூன்ஹே