கொழும்பில் வாங்கிய கிட்டார்

அக்காள்மடம்,
12-2-1958

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை.

உனக்காகத்தான் முதன்முதலாக உளி பிடித்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் கிட்டார் செய்தேன். அதுவரை தெரிந்தது படகுக்கு ஓட்டை அடைக்கும் வேலை மட்டும்தான். ஒழுகாமலிருக்க அடைப்பதுபோல் மூட்டெல்லாம் குங்கிலியம் காய்ச்சி அப்பிவிட்டேன். கம்பியைத் தட்டினால் சத்தமே இல்லை.

"ஏலே, இது கிட்டாரா, தோணியா? தண்ணியில விட்டா தலைமன்னாருக்கே போயிரும்!" என்று சிரித்தாய். பிறகு நீயும் உட்கார்ந்து குங்கிலியத்தைச் சுரண்டினாய். நாலு மாதம் கழித்துத்தான் அது ஒலித்தது.

நேற்று மதுரையில் உன் கல்லூரி விழாவுக்குச் சொல்லாமல் வந்தேன். அதே கிட்டாரை நன்றாக வாசித்தாய். நான் மேடையருகே வந்தபோது ஒரு பெண் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வாங்குனீங்க?"

"கொழும்புல."

அப்போதுதான் என்னைப் பார்த்தாய்.

"இவரு யாரு?"

"எங்க ஊர்க்காரரு. பெட்டி தூக்கிட்டு வந்தாரு."

நான் தலையாட்டினேன். விடுதிவரை கிட்டார்ப் பெட்டியைத் தூக்கியும் வந்தேன். நீ சொன்னதைவிட அதுதான் உறுத்துகிறது.

கொழும்புக் கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்தி வை. இல்லாவிட்டால் கழுத்து வளைந்துவிடும்.

இப்படிக்கு,
உன் ஊர்க்காரன்