பதினைந்தடித் தண்ணீர்

ஜனவரி 5, 2025

வரலாற்றில் இடம்பெற வேண்டிய நாள். காலை பத்தரை மணிக்கு, அஸ்தம்பட்டி வீட்டுக் கூடத்தில், இரண்டு சுற்றுக் காபிக்குப் பிறகு, கடலோர வீட்டின் கேட் கைப்பிடி சங்கு வடிவில் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வாக்களித்தவர்கள் என் மனைவி கோகிலவாணி, அவள் அண்ணன் முருகானந்தம், நான். நான் எதற்கும் வாக்களிப்பேன்.

வீடு வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து அரை கிலோமீட்டரில். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த கோகிலா ஓய்வு பெற்றதும் கேட்ட ஒரே பொருள் அதுதான். “அடுப்படியில நின்னா அலைச் சத்தம் கேக்கோணுங்க. அது போதும்.” சித்திரையில் பால் காய்ச்சிக் குடிபோகிறோம்.

ஜனவரி 19

ஃபேர்லேண்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட் இர்பானா, வீட்டை இயற்கையோடு இணைத்திருக்கிறாள். காற்று கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறும். தாழம்புதரை வெட்டாமல் சுவரை வளைத்திருக்கிறாள். முருகானந்தமும் இணைத்தார்: முகப்பில் அலை மாதிரி சிமெண்ட் வேலை, நீலக் கண்ணாடி, இரண்டு டால்பின். நம் பக்கத்தில் டால்பின் இல்லாத குறையை வேறு எப்படித் தீர்ப்பது?

பிப்ரவரி 2

தண்ணீர் விவாதம். கட்டட வேலை முழுக்க மேஸ்திரி பதினைந்தடியில் இறக்கிய குழாயில்தான் நடந்தது. தண்ணீர் இளநீர் மாதிரி. அங்கேயே ஒரு கிணறு தோண்டினால் போதும், ஆழம் போகவே கூடாது என்றாள் இர்பானா. மழைத் தண்ணீர் மணலில் மேலாக நிற்கிறது, கீழே இருப்பது உப்பு.

முருகானந்தம் பதினோரு மாநிலத்தில் போர்வெல் போட்டவர். திருச்செங்கோட்டில் துளை போடும் ரிக் வண்டி நாலு ஓடுகிறது. ஆழம் என்பது அவருக்கு அளவு அல்ல, அந்தஸ்து.

“பதினஞ்சு அடியா? ஏனுங்க அம்மிணி, எங்கூட்டுக் கக்கூஸ் குழியே இருவது அடிங்க.”

“அண்ணா, இங்க பாறை இல்லண்ணா. மணல்.”

“ஆயரம் அடியில தண்ணி எடுத்தவனுக்கு மணலு ஒரு பொருட்டா?”

பிப்ரவரி 4

இர்பானா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். “சார், நீங்க சொன்னா மேடம் கேப்பாங்க.”

அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தும் பார்த்துவிட்டேன். மாலையில் கோகிலா கேட்டாள், “ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க?”

“உங்கண்ணன் அனுபவசாலி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மச்சானோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றா — இல்லை, இந்த நோட்டுக்கு நல்ல பக்கம் ஒன்று கிடைக்கும் என்றா?

பிப்ரவரி 16

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து நீரோட்டம் பார்த்தார்கள். இர்பானா கிணற்றுக்குக் குறித்த இடத்துக்கு எட்டடி தள்ளித் தேங்காய் நிமிர்ந்தது. மணலுக்கென்றே தனி வண்டி வரவழைத்து இருநூற்று நாற்பது அடி. தண்ணீர் பீறிட்டது. கைதட்டினார்கள். முருகானந்தம் முதல் வாயைக் குடித்தார். முகம் மாறவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மெச்சுகிறேன்.

“மொதல்ல அப்படித்தான் மாப்ள இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிரும்.”

மார்ச் 1

மோட்டாரை ஓட்டுகிறார்கள். இரவும் பகலும். உப்புத் தண்ணீர் முழுவதும் தோட்டத்து மணலிலேயே இறங்குகிறது.

மார்ச் 9

கோகிலா அஸ்தம்பட்டியில் பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி எண் போட்டுவிட்டாள். பதினான்கு பெட்டி. நானும் இரண்டுக்குக் கயிறு பிடித்தேன்.

மார்ச் 15

தாழை மஞ்சளாகிவிட்டது. மேஸ்திரியின் பழைய குழாய்த் தண்ணீரைக் கோகிலா ஒரு மடக்கு குடித்தாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமில்ல?”

ரெண்டு புத்தகம் படிச்சு என்ன பிரயோசனம்.

மார்ச் 23

மோட்டாரை நிறுத்தி, இர்பானா குறித்த இடத்தில் கிணறு தோண்டினார்கள். பதினைந்தடி. உப்பு.

“எத்தனை மழை பெஞ்சா சரியாகும், அம்மிணி?” என்று முருகானந்தம் கேட்டார். நல்ல மழையாகப் பெய்தால் சில வருஷம் என்றாள் இர்பானா.

ஏப்ரல் 20

அஸ்தம்பட்டி. காலையிலிருந்து கோகிலா பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களைப் பழைய அலமாரியிலேயே அடுக்கினாள். மதியத்துக்குள் பதினான்கும் முடிந்தது.